போதைப்பொருள் தடைச் சட்டமும் வலி தணிக்கும் மார்பினும்

போதைப்பொருள் கடத்தலை ஒடுக்குவதற்காக இயற்றப்பட்ட சட்டம், கடும் வலியால் துடிக்கும் நோயாளிகளுக்கு வேண்டிய மருந்தையும் சேர்த்துத் தடுத்துவிட்ட நிலை இந்தியாவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் (என்.டி.பி.எஸ். சட்டம்) 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மருத்துவத்தில் மார்பின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. 1997 ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் சேர்த்து அது வெறும் 18 கிலோவாக இருந்தது. 2014 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் மருந்து இன்னும் எல்லா நோயாளிகளையும் சென்றடையவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது, எது மாறியது, எது மாறவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓபியாய்டு மருந்துகள்

அபினிச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. சமையலில் நாம் பயன்படுத்தும் கசகசா இதே செடியின் விதைதான். அதில் போதை இல்லை. ஜெர்மானிய மருந்தாளுநர் பிரெடெரிக் செர்ட்யூர்னர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். மார்பின், கோடீன் ஆகியவையும், பெண்டனில், மெத்தடோன் போன்ற செயற்கை மருந்துகளும் ஓபியாய்டு என்னும் பிரிவில் அடங்கும். இவை மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் படிந்து வலி உணர்வைக் குறைக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 1977 இல் வெளியிட்ட முதல் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலேயே மார்பின் இடம்பெற்றது. 1986 இல் அந்நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் கொண்ட சிகிச்சை முறையைப் பரிந்துரைத்தது. முதற்படியில் பாராசிட்டமால் போன்ற எளிய மருந்துகளும், இரண்டாம் படியில் கோடீன் போன்ற மென்மையான ஓபியாய்டுகளும், மூன்றாம் படியில் மார்பினும் வருகின்றன. மார்பின் மாத்திரைக்குக் காப்புரிமைக் கட்டணம் எதுவும் இல்லை, விலையும் குறைவு. எனவே இந்தியாவில் இம்மருந்து எட்டாமற்போனதற்கு விலையை முதற்காரணமாகச் சொல்ல முடியாது.

ஒரே சட்டம், இரண்டு வாசல்கள்

இச்சட்டத்தின் ஒரு முகத்தைத் தூத்துக்குடி மக்கள் நன்கு அறிவர். முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கடற்கரையில் முத்துக்குளித்தல் 1961 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்று வ.உ. சிதம்பரனார் துறைமுகமும் மீன்பிடித்தலும் உப்பளமும் இப்பகுதியின் தொழில்கள். மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இலங்கை இருப்பதால் சுங்கத்துறை, கடலோரக் காவல்படை, காவல்துறை ஆகியவற்றின் கண்காணிப்பு இங்கு எப்போதும் உண்டு. 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மரத்தடிகளோடு வந்த ஒரு சரக்குப் பெட்டகத்தில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட கொக்கைனை வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் கைப்பற்றியது. இலங்கைக்குக் கடத்த முயன்ற மாத்திரைகள் பிடிபட்டன என்ற செய்தியும் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. இத்தகைய கடத்தலைத் தடுக்கக் கடுமையான சட்டம் தேவை என்பதில் யாருக்கும் ஐயம் இராது.

ஆனால் இதே சட்டம்தான் மருத்துவமனையின் மருந்து அலமாரியையும் ஆள்கிறது. துறைமுக வாசலில் சரக்குப் பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரியும், வார்டில் மார்பின் மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் செவிலியரும் ஒரே சட்டத்தின்கீழ்தான் பணி செய்கிறார்கள். ஒரு வாசலை இறுக மூடவும் மற்றொரு வாசலை முறையாகத் திறந்து வைக்கவும் அச்சட்டம் வழிசெய்ய வேண்டும். 1985 முதல் இரண்டு வாசல்களும் ஒன்றாக மூடப்பட்டதே இங்கு நிகழ்ந்த பிழை.

1985 சட்டம் கூறியது என்ன?

இந்தியாவில் அதற்குமுன் 1857, 1878 ஆம் ஆண்டுகளின் அபின் சட்டங்களும் 1930 ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டமும் இருந்தன. இம்மூன்றையும் நீக்கிவிட்டு என்.டி.பி.எஸ். சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் 1961 ஆம் ஆண்டு போதை மருந்துகள் குறித்த ஒற்றை உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டிருந்தது. அந்த உடன்படிக்கை தீய பயன்பாட்டைத் தடுப்பதை மட்டும் கூறவில்லை. வலியையும் துன்பத்தையும் போக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்பதையும், அவை கிடைக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்பதையும் அதன் முகவுரை ஏற்கிறது.

இந்தியச் சட்டமும் மார்பினை மருத்துவத்திலிருந்து விலக்கவில்லை. 8 ஆவது பிரிவு போதை மருந்துகளைத் தடை செய்யும்போதே மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. அப்படியானால் தடை எங்கிருந்து வந்தது? அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, தண்டனை பற்றிய அச்சம். சட்டம் இயற்றப்பட்டபோது பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. பொருளின் அளவுக்கேற்பத் தண்டனையைப் பிரிக்கும் முறை 2001 திருத்தத்தில்தான் வந்தது. உரிமம் பெற்றவர் கணக்கைச் சரியாக வைக்கத் தவறினாலும் 3 ஆண்டுகள் வரை சிறை செல்ல நேரலாம் என்கிறது 26 ஆவது பிரிவு. ஒரு மாத்திரை கணக்கில் குறைந்தால் என்ன ஆகுமோ என்று மருந்தாளுநர் அஞ்சியதில் வியப்பில்லை.

இரண்டாவது, உரிமங்களின் சுமை. மார்பின் போன்ற மருந்துகளை வைத்திருத்தல், கொண்டுசெல்லுதல், வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்தல் ஆகியவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் 10 ஆவது பிரிவின்படி மாநிலங்களுக்குச் சென்றது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை எழுதின. ஒரு மாநிலத்தில் தயாரான மார்பினை வேறொரு மாநிலத்து மருத்துவமனை வாங்க, பல மாநிலங்களில் நான்கு அல்லது ஐந்து உரிமங்கள் தேவைப்பட்டன. வைத்திருக்க ஒன்று, இறக்குமதிக்கு ஒன்று, அனுப்பும் மாநிலத்தின் ஏற்றுமதி அனுமதி ஒன்று, வழியில் கொண்டுவர ஒன்று என இவை அமைந்தன. ஆயத்தீர்வைத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சுகாதாரத் துறை எனப் பல அலுவலகங்களை அணுக வேண்டியிருந்தது. எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும். கடைசி உரிமம் கைக்கு வரும்போது முதல் உரிமம் காலாவதியாகியிருக்கும். பல மருத்துவமனைகள் சலித்துப்போய் மார்பின் வாங்குவதையே நிறுத்திவிட்டன.

விளைவுகள்

சட்டத்தின் சுமை கடத்தல்காரனைவிட நோயாளியின் மீதே மிகுதியாக விழுந்தது. கடத்தல்காரன் உரிமம் கேட்டு எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை. விதியை மதித்து நடக்க விரும்பிய மருத்துவமனைதான் ஒதுங்கிக்கொண்டது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. சட்டப்படி அபின் விளைவித்து, மருந்து உற்பத்திக்காக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் மாவட்டங்களிலும், ராஜஸ்தானின் சித்தோர்கர் பகுதியிலும், உத்தரப் பிரதேசத்தின் சில இடங்களிலும் உரிமம் பெற்ற உழவர்கள் இதைப் பயிரிடுகிறார்கள். குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் அலுவலகம் சாகுபடியை மேற்பார்வையிடுகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசுத் தொழிற்சாலைகளில் அபின் பதப்படுத்தப்படுகிறது. உலகின் வலியைத் தணிக்கும் மூலப்பொருளை விளைவித்த நாட்டில், அதன் சொந்த நோயாளிகள் மருந்தின்றி இருந்தனர்.

வலி நிவாரணம், ஆதரவுச் சிகிச்சை ஆகியவற்றை உலக அளவில் ஆராய்ந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை 2017 இல் வெளியானது. வலி நிவாரணம் தேவைப்படும் ஒரு நோயாளிக்கு இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைத்தது மார்பின் கணக்கில் 43 மில்லிகிராம் என்றும், இது தேவையில் 4 விழுக்காடு மட்டுமே என்றும் அது மதிப்பிட்டது. முற்றிய புற்றுநோயாளி ஒருவருக்கு ஒரே நாளில் இதைவிட அதிக அளவு தேவைப்படலாம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

மருந்தில்லாத வலி உடலோடு நிற்பதில்லை. நோயாளி உறங்க முடியாது, உண்ண முடியாது, பெற்ற பிள்ளையோடு இரண்டு சொல் பேசவும் முடியாது. அருகில் இருப்பவர்கள் செய்வதறியாது தவிப்பார்கள். இறந்தவரின் நினைவாகக் குடும்பத்தில் எஞ்சுவது பல நேரங்களில் அந்த அலறல்தான்.

கேரளம் காட்டிய வழி

மாற்றம் நம் அண்டை மாநிலத்தில் தொடங்கியது. மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், மருத்துவர் சுரேஷ் குமார் ஆகியோர் கோழிக்கோட்டில் 1993 இல் வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினர். புறநோயாளிகளாக வருவோருக்கு மார்பின் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது இவர்களின் முறை. போதை மருந்தை நோயாளியின் கையில் கொடுத்தால் அது தெருவுக்குப் போய்விடாதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையை ஆராய்ந்து எழுதப்பட்ட கட்டுரை 2001 இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மருந்து தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ வெளியே கைமாறியதாகவோ ஒரு நிகழ்வுகூட அந்த ஆய்வில் கண்டறியப்படவில்லை.

இதற்கிடையே, 1998 இல் மத்திய அரசின் வருவாய்த் துறை, விதிகளை எளிமையாக்கும்படி மாநிலங்களுக்கு எழுதி, மாதிரி விதிகளையும் அனுப்பியது. கேரளம் அதை முன்னதாகவே ஏற்றது. அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகி நோயாளியைக் கவனிக்கும் அமைப்புகள் அங்கு ஊர்தோறும் வளர்ந்தன. 2008 இல் அம்மாநிலம் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையையே வெளியிட்டது. ராஜகோபால் 2003 இல் திருவனந்தபுரத்தில் பேலியம் இந்தியா என்ற அமைப்பை நிறுவினார். அவருக்கு 2018 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பல மாநிலங்கள் மாதிரி விதிகளை ஏற்காமலே காலம் கடத்தின. ஏற்ற சில மாநிலங்களிலும் நடைமுறை மாறவில்லை. எனவே மத்தியச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2007 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது.

2014 திருத்தம்

2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் என்.டி.பி.எஸ். திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் முக்கிய மாற்றங்கள் வருமாறு:

ஒன்று, 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என்ற புதிய வகை உருவாக்கப்பட்டது. மார்பின், பெண்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இவ்வகையில் அறிவிக்கப்பட்டன.

இரண்டு, இவற்றுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாறியது. எனவே நாடு முழுவதும் ஒரே விதி.

மூன்று, 2015 மே மாதம் வெளியான விதிகளின்படி பல உரிமங்கள் தேவையில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பித்து 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற தகுதியைப் பெற்றால் போதும். அந்நிறுவனத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும். கணக்குப் பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டும். ஆண்டுதோறும் விவரம் அளிக்க வேண்டும்.

நான்கு, அரசின் கடமையைக் கூறும் 4 ஆவது பிரிவில், இம்மருந்துகள் மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்குக் கிடைப்பதை உறுதிசெய்வதும் சேர்க்கப்பட்டது. தடுப்பதோடு கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை என்று சட்டமே சொல்லத் தொடங்கியது இங்கிருந்துதான்.

தமிழ்நாட்டின் நிலை

2014 க்கு முன்பே விதிகளை எளிமையாக்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் உருவான அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற பெரிய மையங்கள் இங்கு உள்ளன. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்போருக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதி.

ஆனால் தூரம் ஒரு தடையாகவே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே வேம்பார் முதல் தெற்கே மணப்பாடு, பெரியதாழை வரை மீனவ ஊர்கள் நீண்டு கிடக்கின்றன. எடுத்துக்காட்டாக, இவற்றுள் ஓர் ஊரில் வாய்ப் புற்றுநோய் முற்றிய ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். மார்பின் சாதாரண மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை நகரத்தில் இருந்தால், ஒவ்வொரு முறையும் பேருந்தில் செல்ல வேண்டும். கூடச் செல்லும் மகன் அன்று கடலுக்குப் போக முடியாது. அன்றைய வருமானம் போய்விடும். இரண்டு முறை போய் மருந்து கிடைக்காமல் திரும்பினால் மூன்றாம் முறை போகமாட்டார்கள். சட்டம் எளிமையானால் மட்டும் போதாது, மருந்து நோயாளியின் ஊருக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

மாறாத தடைகள்

சட்டம் மாறிய பின்னும் மூன்று தடைகள் எஞ்சியுள்ளன.

முதலாவது, மருத்துவக் கல்வியின் இடைவெளி. 1985 க்குப் பின் படித்த ஒரு தலைமுறை மருத்துவர்களில் பலர் மார்பின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே பட்டம் பெற்றனர். 2019 இல் நடைமுறைக்கு வந்த புதிய இளநிலை மருத்துவப் பாடத்திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. அதன் பயன் முழுமையாகத் தெரிய இன்னும் காலம் ஆகும்.

இரண்டாவது, அங்கீகாரம் பெற மருத்துவமனைகள் காட்டும் தயக்கம். 'எதற்கு வம்பு' என்ற எண்ணம் எளிதில் போவதில்லை.

மூன்றாவது, மக்களிடையே உள்ள தவறான கருத்துகள். மார்பின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். முறையான அளவில் கொடுக்கப்படும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி குறைந்தால் நோயாளி உண்ணவும் உறங்கவும் முடிகிறது. அடிமையாகிவிடுவார் என்ற அச்சமும் உண்டு. மருந்துக்கு உடல் பழகுவது வேறு, அடிமையாதல் வேறு. சில வாரங்கள் மார்பின் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் தொல்லை தரும். படிப்படியாகக் குறைத்தால் அது வராது. கெடுதல் தெரிந்தும் மருந்தை நாடி அலைவதே அடிமைத்தனம். மேற்பார்வையோடு சிகிச்சை பெறும் புற்றுநோயாளிகளிடம் இது அரிது.

எச்சரிக்கை தேவைப்படும் இடம்

கட்டுப்பாடே வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. அமெரிக்காவில் 1996 இல் ஆக்சிகான்டின் என்ற ஆக்சிகோடோன் மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று அதை நிறுவனம் விளம்பரப்படுத்தியது. இவ்வாறு மக்களைத் தவறாக வழிநடத்திய குற்றத்தை அந்நிறுவனம் 2007 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முதுகுவலி, மூட்டுவலிக்கெல்லாம் இம்மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டதால் பலர் அடிமையாயினர், பலர் இறந்தனர். பின்னர் 2016 இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கட்டுப்பாடான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதைச் சிலர் கண்மூடித்தனமாகப் பின்பற்றியதால், ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்துவந்த நாள்பட்ட வலி நோயாளிகளுக்குத் திடீரென மருந்து குறைக்கப்பட்டு அவர்கள் துன்புற்றனர். 2022 இல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது.

முதுகுவலி, மூட்டுத் தேய்மானம் போன்ற நாள்பட்ட வலிகளுக்கு ஓபியாய்டு முதல் தேர்வு அல்ல. உடற்பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, நரம்பு வலிக்கான பிற மருந்துகள் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். அவை பயன்தராத சிலருக்கு மட்டும் மருத்துவர் கவனமாக இவற்றைத் தரலாம்.

இந்தியாவிலும் டிரமடால் என்ற மருந்து வெளிநாடுகளுக்குக் கடத்தப்பட்டதால், 2018 ஏப்ரலில் அது என்.டி.பி.எஸ். சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. கடத்தலைத் தடுக்கும்போது நோயாளியை எப்படிக் காப்பது என்ற பழைய கேள்வி இங்கும் எழுகிறது. இதற்கு உகாண்டா ஒரு வழி காட்டுகிறது. அங்கு சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்களே மார்பினைப் பரிந்துரைக்க 2004 இல் சட்டம் அனுமதித்தது. கட்டுப்பாடு நீங்கவில்லை, ஆனால் மருந்து கிராமத்துக்குச் சென்றது.

நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மருத்துவரின் சீட்டின்படி தம் சிகிச்சைக்காக மார்பின் வைத்திருப்பது குற்றமல்ல. சீட்டை மருந்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சாதாரண மார்பின் மாத்திரை பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகிறது. வலி வந்தபின் கொடுப்பதைவிட, நேரம் தவறாமல் கொடுத்து வலியை வரவிடாமல் செய்வதே முறை. அளவை மருத்துவர் மட்டுமே மாற்ற வேண்டும்.

மலச்சிக்கல் ஏறத்தாழ எல்லோருக்கும் வரும். எனவே மலமிளக்கி மருந்தையும் சேர்த்துக் கேட்டுப் பெற வேண்டும். தொடக்கத்தில் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம். எழுப்ப முடியாத அளவுக்கு உறக்கமோ மூச்சுத் தளர்ச்சியோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருந்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மீந்த மாத்திரைகளை மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். நோயாளி மருத்துவமனையில் வலியைச் சொல்லும்போது பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்ணால் குறிப்பிட்டால், மருத்துவர் அளவை முடிவுசெய்ய எளிதாக இருக்கும்.

முடிவுரை

1985 சட்டத்தை இயற்றியோர் நோயாளிகளைத் துன்புறுத்த எண்ணவில்லை. ஆனால் கடத்தல்காரனை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள், கேட்க ஆளில்லாத நோயாளியை மறந்துவிட்டன. 2014 திருத்தம் அந்த மறதியைச் சட்டப் புத்தகத்தில் சரிசெய்துவிட்டது. அதை நடைமுறையாக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் பெருக வேண்டும். மருத்துவர்களும் செவிலியர்களும் பயிற்சி பெற வேண்டும். குடும்பத்தில் யாரேனும் தாங்க முடியாத வலியில் இருந்தால், "இங்கே மார்பின் கிடைக்குமா? இல்லையென்றால் அருகில் எங்கே கிடைக்கும்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். கேட்பவர்கள் பெருகினால்தான் மருந்து வாங்கி வைக்கும் மருத்துவமனைகளும் பெருகும்.